டேங்கர் லாரியின் மடக்குப் பலகை: ஆட்டத்தையும் தேய்மானத்தையும் கூட்டும் தவறுகள்

பெட்ரோல் ஏற்றினால் 1203, டீசல் ஏற்றினால் 1202 என்று சரக்குக்கேற்ப ஐ.நா. எண் (அபாயச் சரக்கு இன்னதென்று காட்டும் நான்கு இலக்க எண்) மாறுவதால், எச்சரிக்கைப் பலகையை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டாமல், ஏடு புரட்டுவதுபோலப் புரட்டக்கூடிய கீல் வைத்த தகடுகளைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. ஐரோப்பிய விதிகளின்படி ஆரஞ்சு நிறப் பலகை 40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்டது. அமெரிக்காவின் சாய்சதுரப் பலகைக்குப் பக்கம் 250 மி.மீ.; கீல் வைத்த பலகையை அந்நாட்டு விதியே அனுமதிக்கிறது. லாரியின் விலையோடு ஒப்பிட்டால் இது அற்பமான பொருள்தான். ஆனாலும் புது வண்டியில் முதலில் 'டக டக'வென்று சத்தம் போடத் தொடங்குவது பெரும்பாலும் இதுவே.

அந்தச் சத்தத்துக்கு அதிர்வைக் குறை சொல்வது வழக்கம். வண்டி என்றால் அதிர்வு இருந்தே தீரும். ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 700 சுற்று வேகத்தில் நின்ற இடத்திலேயே ஓடினாலும், சுற்றுக்கு மூன்று முறை எரிபொருள் எரிவதால், நொடிக்கு 35 உதைகள் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகின்றன. தகட்டைத் தின்பது அந்த உதை அல்ல. உதைபட்ட தகடு அசைவதற்கு நாம் கீலிலும் தாழ்ப்பாளிலும் விட்டுவைத்த இடைவெளி, பட்டறையில் 'பிளே' என்பார்களே, அதுதான் தின்கிறது.

ஆகவே முதல் தவறு, வண்டி ஓடும்போதும் கீலே பலகையைத் தாங்கட்டும் என்று விடுவது. பலகையைப் புரட்டும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டுமே கீல் கீலாக இருக்க வேண்டும். மூடித் தாழிட்ட பிறகு தகட்டின் நான்கு மூலைகளும் ரப்பர் பொத்தான்கள்மேல் சற்று அழுந்தி உட்கார, அந்த அழுத்தத்தைத் தாழ்ப்பாள் தக்கவைக்க வேண்டும். பொத்தான்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நசுங்கும் அளவுக்குத் தாழ்ப்பாள் இழுத்துப் பிடித்தால் போதுமானது. நடுவில் ஒரே ஒரு தாழ்ப்பாள் வைத்தால் இரண்டு மூலைகளும் சிறகடிக்கும். கீலுக்கு எதிர் விளிம்பின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைப்பதே சரி.

காற்றைக் கணக்கில் கொள்ளாதது அடுத்த தவறு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ எடைக்குச் சமம். 40-க்கு 30 செ.மீ. தகட்டின்மேல் அது முழுதாக அறைந்தால் மூன்றரைக் கிலோவைத் தாண்டும். வேகம் பாதியானால் இந்த விசை கால் பங்காகிவிடும்; அதனால்தான் ஊருக்குள் அமைதியாக இருந்த பலகை நெடுஞ்சாலையில் கத்துகிறது. வண்டியின் பக்கவாட்டில் பொருத்தும் பலகைக்குக் கீல் முன்பக்க விளிம்பில்தான் இருக்க வேண்டும். பின்விளிம்பில் கீல் வைத்தால், தாழ்ப்பாள் சிறிது தளர்ந்தாலும் காற்று முன்விளிம்புக்குள் புகுந்து பலகையைக் கதவுபோலத் திறந்து அடிக்கும்.

தகடு மெலிந்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் பயன் தராது. 1 மி.மீ. அலுமினியத்துக்குப் பதிலாக 2 மி.மீ. போட்டால் எடை இரண்டு மடங்காகும், வளைவை எதிர்க்கும் விறைப்போ எட்டு மடங்காகும். எடை கூடுமே என்று தயங்குவோருக்கு, விளிம்பை மடித்து விறைப்பேற்றுவது நல்ல மாற்றுவழி.

மரையாணிகளுக்கு வருவோம். ஸ்பிரிங் வாஷர் போட்டால் நட் தளராது என்ற நம்பிக்கை இன்னும் நம் பட்டறைகளில் உறுதியாக இருக்கிறது. போல்ட்டுக்குக் குறுக்காக நிகழும் நழுவலே நட்டைச் சுழற்றித் தளர்த்துகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை மூலம் விளக்கினார். அவர் பெயரால் அறியப்படும் அதே வகைச் சோதனையில் சாதாரணச் சுருள் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. பொதுவாக, உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட் நல்லது. ஆனால் ஐரோப்பிய விதி, வண்டி 15 நிமிடம் தீயில் சிக்கினாலும் ஆரஞ்சுப் பலகை விழக்கூடாது என்கிறது. அந்த வெப்பத்தில் நைலான் உருகிவிடும். எனவே அபாயப் பலகைக்கு முழுவதும் உலோகத்தாலான பூட்டு நட்டே ஏற்றது. ரப்பர் பொத்தானும் தீயில் போகும் என்பதால், பலகை விழாமல் காப்பதை அதன் பொறுப்பில் விடக்கூடாது.

தேய்மானம் எங்கே நடக்கிறது என்பதை விரலாலேயே அறியலாம். கீலின் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள்: அலுமினியம் உரசியிருந்தால் விரலில் கரிபோல் கறுப்பு மை ஒட்டும், இரும்பு உரசியிருந்தால் செம்மண் நிறப் பொடி வரும். கறுப்பு மை தெரிந்ததும் பலர் செய்வது கிரீஸ் அப்புவதுதான். திறந்த வெளியில் இருக்கும் கீலில் கிரீஸ் சாலைத் தூசியைப் பிடித்துவைத்து அரைக்கும் பசையாகிவிடுகிறது. மாறாக, கீலின் துளைக்குள் நைலான் அல்லது வெண்கலப் புஷ் (உட்குழல்) இட்டு, தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றும்படி அமைத்தால் தகடு பிழைக்கும். துளை ஏற்கெனவே முட்டை வடிவமாகியிருந்தால், புதிய கீல் ஊசியை மட்டும் செருகுவது வீண்செலவு. துளையை வட்டமாகப் பெரிதாக்கிப் புஷ் போடவேண்டும். கட்டுக்கம்பி சுற்றி இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பலகையின் எண்ணைக் கம்பியே அறுத்துவிட்டிருந்தது.

அலுமினியப் பலகையும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் வெவ்வேறு உலோகமாக இருந்தால், மழைநீர் தேங்கும் இடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடி பூக்கும். இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷரும், அடியில் நீர் வடியச் சிறு துளையும் வைத்தால் இது தீரும்.

ஒரே சட்டத்தில் ஏழெட்டுத் தகடுகளை அடுக்குவதும் தவறே. ஒன்றின் முகம் மற்றொன்றின் முதுகில் உரசி, ஒளி திருப்பும் படலம் மங்கி, இரவில் எண் தெரியாமல் போகும். வேண்டியவற்றை மட்டும் வைத்து, ஒவ்வொரு தகட்டின் முதுகிலும் எழுத்தில்லாத மூலைகளுக்கு நேராகச் சிறிய பொத்தான்களை ஒட்டுங்கள். வெயிலில் ரப்பர் கல்லாக இறுகிவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத பொத்தானை அன்றே மாற்றிவிடுங்கள்.