தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது? சாக் ஓடைக் கண்காணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெற்கு இங்கிலாந்தின் சாக் (வெண்சுண்ணப் பாறை) ஓடைகள் ஊற்றில் பிறப்பவை. மழைநீர் வெள்ளைச் சாக் பாறைக்குள் இறங்கி, நெடுநாள் தங்கி, ஏறத்தாழ 10, 11 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வெளியே வருகிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. நீர்ப்பூச்சிகளை மாதந்தோறும் எண்ணி ஓடையைக் கண்காணிக்க வரும் புதிய தன்னார்வலர்களை ஏமாற்றுவதும் இந்தத் தெளிவுதான். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக வலை பிடிப்பவர்கள், எங்களைப் போன்ற பழையவர்கள் அன்று செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். பென்சிலை மறப்பது, பூட்ஸுக்குள் தண்ணீர் போவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

கூழாங்கல்லை மட்டும் கிளறுவது

பூச்சி மாதிரி எடுக்க 3 நிமிடம் காலால் கிளற வேண்டும், பிறகு 1 நிமிடம் கற்களைக் கையால் புரட்டித் தேட வேண்டும். வலையின் வாய் நீர் வரும் திசையைப் பார்த்திருக்க, அதற்குச் சற்று மேலே நின்று கிளறுங்கள். அந்த 3 நிமிடத்தைத் தளத்தின் வாழிடங்களுக்குப் பங்கிட வேண்டும். பாதி கூழாங்கல், 30 சதவீதம் ரனன்குலஸ் நீர்ச்செடி, 20 சதவீதம் கரையோரப் புல் என்றால் முறையே 90, 54, 36 விநாடிகள். இடம் மாறும்போது கடிகாரத்தை நிறுத்துங்கள். ஒருவர் முழு நேரமும் கல்லிலேயே கிளறி, அடுத்த மாதம் வருபவர் முறைப்படி பங்கிட்டால், இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிட வழியே இல்லை.

மதிப்பெண் சரிந்ததும் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் தவறு இது. எங்களுக்கு இன்றும் எரிச்சல் வருவதும் இதில்தான்.

நாம் எண்ணுவது நீரில் வாழும் எட்டுச் சிற்றுயிர்க் கூட்டங்களை: கூடு கட்டும் கேடிஸ், கூடில்லாக் கேடிஸ், மேஃப்ளை, நீலச்சிறகு ஆலிவ் பூச்சி, கல்லில் ஒட்டும் தட்டையுடல் பூச்சி, ஆலிவ் பூச்சி, ஸ்டோன்ஃப்ளை, இறால் இனத்துச் சிற்றுயிரான காமரஸ். ஒரு கூட்டத்தில் 1 முதல் 9 இருந்தால் மதிப்பெண் 1. 10 முதல் 99 வரை 2. 100 முதல் 999 வரை 3. 1000-உம் அதற்கு மேலும் 4. எட்டையும் கூட்டி வரும் மொத்தம், இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமையைச் சேர்ந்த சூழலியலாளர் அந்தத் தளத்துக்கு வைத்த எச்சரிக்கை அளவுக்குக் கீழே போகக் கூடாது.

"இரண்டு மதிப்பெண்தானே குறைந்தது" என்பார்கள். இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. காமரஸ் 300-லிருந்து 6 ஆனால், மதிப்பெண் 3-லிருந்து 1 ஆகும். தாளில் இரண்டே குறைந்திருக்கிறது. ஓடையில் ஐம்பதில் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த சமாதானம் பருவம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. நீலச்சிறகு ஆலிவ் குளிர்காலத்தை முட்டையாகவே கழிப்பதால் ஜனவரியில் மாதிரியைக் கொட்டி எண்ணும் தட்டில் தெரியாது. மேஃப்ளையின் முதிர்ந்த இளம்பூச்சிகள் மே, ஜூனில் சிறகு முளைத்துப் பறந்துவிடும். ஆனால் காமரஸ் எங்கும் பறப்பதில்லை, ஆண்டு முழுவதும் நீரில்தான் கிடக்கும். அது காணாமல் போனால் பருவத்தின் மேல் பழி போட முடியாது.

2013 ஜூலையில் தெற்கு இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில், மார்ல்பரோ நகருக்குக் கீழே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூச்சிகளும் காமரஸும் மடிந்தன. குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கழிவுநீர் நிலையம் வழியாக ஆற்றுக்குள் வந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது தன்னார்வலர்களின் வலை. இந்த வகை நஞ்சு பூச்சிகளையும் இறாலினத்தையும் நரம்பில் தாக்கிக் கொல்லும். நத்தையும் அட்டையும் தப்பிவிடலாம், தண்ணீரின் நிறமும் மாறாது.

தாமதம் ஏன் ஆகாது என்பதற்குக் கணக்கு எளிது. விநாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடும் நீர் ஒரு நாளில் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் போய்விடும். நஞ்சும் அதோடு போகும், செத்த பூச்சிகளும் போகும். மறுவாரம் முகமையினர் வந்து எடுக்கும் நீர் மாதிரியில் என்ன இருக்கும்?

மொத்தம் குறைந்தால், முதல் மாதிரி இருக்கும் வாளியை நிழலில் வைத்துவிட்டு, அதே தளத்தில் இன்னும் கிளறாத மேல்பகுதியில் உடனே இரண்டாவது மாதிரி எடுங்கள். அதுவும் குறைந்தால் கரையில் நின்றபடியே ஒருங்கிணைப்பாளருக்கும், முகமையின் 24 மணிநேர எண்ணான 0800 80 70 60-க்கும் சொல்லுங்கள். நேரம், வரைபடக் குறியெண், இரண்டு எண்ணிக்கைகளும் கூட்டவாரியாக, தட்டின் படம், வாடை, நுரை, அருகிலுள்ள குழாய் வாய்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். யார் செய்திருப்பார் என்ற ஊகம் வேண்டாம். செத்த மீன் கண்ணில் பட்டால் நீரில் இறங்காமல் நேராக அழையுங்கள்.

பாஸ்பேட், பாஸ்பரஸ் குழப்பம்

நீர்ப் பரிசோதனைப் பெட்டி பெரும்பாலும் பாஸ்பேட்டைக் காட்டும், அரசு அளவுகோல் பாஸ்பரஸில் இருக்கும். ஏறத்தாழ மூன்றால் வகுக்க வேண்டும்: லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் பாஸ்பேட் என்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பாஸ்பரஸ். அலகு எழுதாத எண் குப்பைக்குத்தான்.

ஓடையைக் "கூட்டிப் பெருக்குவது"

விழுந்த மரக்கிளையை இழுத்து வெளியே போடாதீர்கள். நீரை நெருக்கி வேகப்படுத்தி, வண்டலை அரித்து, கூழாங்கல்லைச் சுத்தமாக வைப்பது அதுதான். ரனன்குலஸைக் கரைக்குக் கரை வெட்டினால் கோடையில் நீர்மட்டம் இறங்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வெளிர்நிறக் கூழாங்கல் திட்டில் நடப்பது

அது டிரவுட் மீனின் முட்டைப் படுக்கை.

ஈர வலையோடு அடுத்த ஓடைக்குப் போவது

பாருங்கள், கழுவுங்கள், முழுக்கக் காயவிடுங்கள். வெளியிலிருந்து வந்த சிக்னல் கிரேஃபிஷ் (நன்னீர் நண்டினம்) சுமக்கும், பூஞ்சைபோன்ற கிருமியால் வரும் நோய், உள்ளூர் வெண்நக கிரேஃபிஷைக் கூண்டோடு அழிக்கும். அது பரவ ஈரம் போதும்.

கரையோரக் களைச்செடியான இமாலய பால்சத்தை ஓடையின் கீழ்ப்பகுதியிலிருந்து பிடுங்குவது

ஓடையின் மேல்பகுதியிலிருந்து தொடங்குங்கள், விதை பிடிக்கும் முன்.

வறண்ட தளத்துக்கு 0 எழுதுவது

சாக் ஓடைகளின் தலைப்பகுதி கோடை முடிவில் இயல்பாகவே வற்றலாம். "வறட்சி" என்று எழுதுங்கள். 0 என்றால் தண்ணீர் இருந்தும் உயிர் இல்லை என்று பொருள்.