எட்டாம் மாதமும் ஹோம்ஸ்கூலும்: படுத்தபடியே பாடம் சொல்லித்தர வீட்டைத் தயார் செய்வது எப்படி?

எனக்கு இப்போது 32 வாரம். மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. பெங்களூரு அல்சூரில் இரண்டாம் மாடியில் வாடகை வீடு, லிஃப்ட் கிடையாது. மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே நான்தான் சொல்லித்தருகிறேன். வளைகாப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் "இந்த உடம்போடு எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், அதில் இரண்டு பேர் தாங்களும் இதே நிலையில் இருப்பதாகச் சொல்லிப் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் அடுப்பில் ரசம் கொதிக்கிறது, இடுப்பில் சின்னவன், மேடை மேல் மூத்தவளின் நோட்டு, நான் நின்றபடியே கழித்தல் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணிக்கு அது 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டும் என்றார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே படுப்பது என்று அழுகைதான் வந்தது. அன்று ராத்திரி நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்தோம்: நான் எழுந்திருக்காமலே பாடம் நடக்க வேண்டும், அதற்கு ஏற்றபடி வீட்டை மாற்றுவோம். கீழே சொல்வதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

முதல் படி: ஒரு வாரம் உடம்பைக் குறித்து வையுங்கள்

எடுத்தவுடன் டைம்டேபிள் போடாதீர்கள். கட்டம் கட்டமாக இருக்கும் மாதக் காலண்டரை அடுக்களையில் மாட்டி, தினமும் எப்போது தெம்பாக இருந்தது, எப்போது தலை சுற்றியது, எப்போது தூக்கம் தள்ளியது என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். எனக்குக் காலை ஒன்பது வரை நெஞ்செரிச்சல், ஒன்பதரைக்கு மேல் ஒரு மணி நேரம் நன்றாக இருக்கிறது, சாப்பிட்ட பிறகு கண் சொருகும், சாயங்காலம் கால் வீங்கும். ஆக எனக்குப் பாட நேரம் ஒன்பதரை. உங்களுக்கு மாலை நான்காக இருக்கலாம், அதில் தப்பே இல்லை. வீட்டில் படிப்பதன் லாபமே அதுதானே.

ஆறு வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்க முக்கால் மணி நேரம் தாராளம். தமிழ் ஒரு கால் மணி, கணக்கு ஒரு கால் மணி, ஆங்கில வாசிப்பு ஒரு கால் மணி. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளைக்கு ஆசிரியரின் கவனம் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள், இது குறைவு என்ற பயம் போய்விடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்துக் கடையில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் படி: ஒரு திவான், ஒரு கூடை

ஜன்னலோரத் திவான்தான் எங்கள் வகுப்பறை. நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வேன், முட்டிக்கு நடுவில் ஒரு தலையணை. மூத்தவள் கீழே பாயில், மணைப்பலகையை மேசையாக வைத்துக்கொண்டு உட்காருவாள். என் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் அன்றைய பாடத்துக்கு வேண்டிய அத்தனையும் முந்தின ராத்திரியே போய்விட வேண்டும்: புத்தகம், நோட்டு, சீவிய பென்சில் மூன்று, ரப்பர், சின்ன வெள்ளைப் பலகை, அதைத் துடைக்கப் பழைய காட்டன் துணி, என் தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர். முதல் வாரம் ஷார்ப்னர் ஒன்றுக்காக ஏழு தடவை எழுந்தேன், அதனால்தான் மூன்று பென்சில்.

சின்னவனுக்கு ஐந்து துணிப்பைகள் தைத்தேன். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று கிழமைக்கு ஒரு பை, பாடம் ஆரம்பிக்கும்போது மட்டும்தான் கையில் கிடைக்கும். ஒன்றில் மூடியோடு காலி டப்பாக்கள், ஒன்றில் பெரிய கொண்டைக்கடலையும் கரண்டியும் இரண்டு கிண்ணமும் (என் கண் முன்னால் மட்டும், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது), இன்னொன்றில் துணி கிளிப்பும் அட்டையும். மீதி இரண்டில் கட்டைகளும் படப் புத்தகங்களும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வருவதால் அவனுக்கு அது புதுசு மாதிரியே இருக்கிறது.

அப்புறம் வீட்டின் உயரத்தைக் குறையுங்கள். குடிதண்ணீர் கேனுக்குக் குழாய் வைத்த ஸ்டாண்டு எங்களிடம் ஏற்கெனவே இருந்தது, அதைத் தரையில் இறக்கினோம். இரண்டு எவர்சில்வர் டம்ளர் பக்கத்தில். அலமாரியின் அடித்தட்டில் வேர்க்கடலை உருண்டை, வாழைப்பழம், முறுக்கு டப்பா. "அம்மா தண்ணி" என்ற குரல் ஒரு நாளில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் இதன் அருமை தெரியும்.

மூன்றாம் படி: உடம்பையே பாடமாக்குங்கள்

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

28 வாரத்துக்கு மேல் குழந்தையின் அசைவைக் கவனித்து எண்ணச் சொல்லுவார்கள். என் டாக்டர் சொன்ன முறை: சாப்பிட்ட பிறகு இடது பக்கமாகப் படுத்து எண்ண வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும், வராவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். இதை மூத்தவளிடம் ஒப்படைத்திருக்கிறேன். ஒரு கிண்ணத்தில் பத்துப் புளியங்கொட்டை, பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம். நான் "ம்" என்றதும் ஒரு கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றுவாள். "இங்கே நாலு, அங்கே ஆறு, இன்னும் நாலு உதை பாக்கி பாப்பா" என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லுவாள். நோட்டில் மூன்று வாரம் திணறிய கூட்டல் ஜோடிகள், பத்துக்கு எத்தனை குறைகிறது என்பது, இந்தக் கிண்ணத்தில் நாலே நாளில் வந்துவிட்டது. கொட்டை கையில் வழவழவென்று இருக்கும், விழுந்தால் "டிக்" என்று சத்தம் வரும், சின்னவன்கூட அந்தச் சத்தத்துக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பான். எண்ணும் பொறுப்பு மட்டும் கடைசி வரை உங்களுடையதாகவே இருக்கட்டும், பிள்ளை தப்பாக எண்ணினாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வளைகாப்பு வளையலையும் விட்டுவிடாதீர்கள். கையில் போட்டதுபோக டப்பாவில் மிஞ்சியது எனக்கு நாலு டஜன். பத்துப் பத்தாக நூலில் கோத்தால் நாற்பத்தெட்டு என்பது நாலு கட்டும் எட்டு உதிரியும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று அடுக்கி, அடுத்தது என்ன நிறம் என்று கேட்டால் அது மூன்று வயதுக்கான பாடம். கண்ணாடி வளையல் என்பதால் மூத்தவளிடம் மட்டும் கொடுங்கள், சின்னவனுக்குப் பிளாஸ்டிக் வளையல் போதும்.

அந்த வளையலிலிருந்துதான் எங்கள் கன்னடப் பாடமும் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கன்னடக்காரர். வளையலைப் பார்த்து "பளெ" என்றார். மூத்தவள் உடனே "வளை, பளெ" என்று சொல்லிப் பார்த்தாள். சரி, இதைப் பிடித்துக்கொள்வோம் என்று ஒரு நோட்டு போட்டோம். நம்முடைய "வ" அங்கே "ப" ஆகிறது (பஸ் என்பதில் வரும் ஒலி): தமிழில் வாழை, கன்னடத்தில் பாளெ. நம்முடைய "ப" அங்கே "ஹ" ஆகிறது: பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பூ ஹூவு. பழைய கன்னடத்திலும் "ப"தான் இருந்தது, நாளடைவில் அந்த ஒலி மாறியிருக்கிறது. ஒரு நாள் ஆட்டோவில் போகும்போது பஸ் பலகையில் மாரத்தஹள்ளி என்று படித்துவிட்டு, "அப்போ இது மாரத்தப்பள்ளியாம்மா, திருச்சிராப்பள்ளி மாதிரி?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் நான் அதைக் காட்டித் தரவில்லை. பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல மொழிப் பாடம் எனக்குத் தெரியவில்லை, தயவு செய்து இரண்டு மொழியையும் வீட்டுக்குள் விடுங்கள்.

நான்காம் படி: மத்தியான ஓய்வைப் பழக்குங்கள்

திடீரென்று ஒரு நாள் "ஒரு மணி நேரம் சத்தம் போடாதே" என்றால் நடக்காது. முதல் நாள் பத்து நிமிடம். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஒரு மாதத்தில் ஒரு மணி நேரம் வந்துவிடும். எங்கள் வீட்டில் இதற்கு உதவியது குடியாத்தத்தில் இருக்கும் என் அப்பா. தினமும் ஒரு கதையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொன்னேன். நரி கதை, அவர் சின்ன வயதில் ஏரியில் நீச்சல் பழகிய கதை, பாட்டியைப் பெண் பார்க்கப் போன கதை. போனைத் தலையணைக்கு நடுவில் வைத்துவிட்டால் இரண்டும் மல்லாந்து படுத்துக் கேட்கும், திரை கவிழ்த்து வைத்திருப்பதால் வீடியோ கேட்டு அடம் இல்லை. சின்னவன் பாதிக் கதையில் தூங்கிவிடுவான். வாசற்கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுங்கள், கேஸ் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் படுங்கள்.

ஐந்தாம் படி: சமையலும் மாத்திரையும்

சமையலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறும் புதனும் மாவு அரைப்பது, தினமும் ஒரு குழம்பு ஒரு பொரியல், அதற்கு மேல் யாருக்காகவும் எதுவும் கிடையாது. காய் நறுக்குவதை உட்கார்ந்தே செய்யுங்கள். காலையில் தெருவில் "சொப்பு, சொப்பு" (கன்னடத்தில் கீரை) என்று கீரைக்காரம்மா குரல் கேட்டதும் மாடியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்குவேன், கீரை ஆய்வது பிள்ளைகளின் வேலை.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதீர்கள், அவை இரும்பை உடம்பில் ஏறவிடாது. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது, வைட்டமின் சி இரும்பை ஏற்ற உதவும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால்தான். எனக்கு முதல் ஒன்றரை மாதம் பலன் குறைவாக இருந்ததற்குக் காரணம் காலைக் காபியோடு அதை விழுங்கியதுதான் என்று பிறகுதான் புரிந்தது. இப்போது ஹீமோகுளோபின் 10.6.

ஆறாம் படி: ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடையது

உங்கள் வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் உதவுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், ஒரு வேலையை முழுதாகக் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் வெளியுலகப் பாடம் அவருடையது. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறி லால்பாக். அங்கே உள்ள பாறை சுமார் 300 கோடி வருடப் பழசு. அதன் மேல் பிள்ளைகள் உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள். 1889-இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய கண்ணாடி மாளிகையைச் சுற்றி வருவார்கள். திரும்பி வந்ததும் பார்த்ததில் மூன்றை மூத்தவள் எனக்கு வரைந்து காட்ட வேண்டும். எனக்கு அந்த மூன்று மணி நேரம் முழுக்கத் தூக்கம்.

ஏழாம் படி: நிறுத்தும் தேதியை முன்பே எழுதுங்கள்

36-ஆம் வாரத்தோடு பாடம் நிற்கும் என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன். குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை கதையும் விளையாட்டும் மட்டும்தான். இதில் எந்தக் குறையும் வந்துவிடாது. பள்ளி வயதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆறு முதல் பதினான்கு வயதுக்கானது, பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்-இல் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான தேர்வுகள் உண்டு, 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பே எழுதலாம். பின்னால் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் ஒரே ஃபைலில் வையுங்கள், போதும்.

அவசரத்துக்கு ஒரு ஒத்திகை அவசியம். குளிர்சாதனப் பெட்டியில் பிள்ளையின் கண் உயரத்தில் அப்பா நம்பர், பக்கத்து வீட்டு ஆன்ட்டி நம்பர், 108 மூன்றையும் பெரிதாக எழுதி ஒட்டினேன். லாக் ஆகியிருக்கும் போனிலிருந்து அவசர அழைப்பு எப்படிப் போடுவது, வீட்டு முகவரியை எப்படிச் சொல்வது என்று மூத்தவளுக்கு வாரம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். ரத்தப்போக்கு, நீர் உடைதல், விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைய பாடத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தாயி கார்டு (கர்நாடகத்தில் கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டை), ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் பையில், பை வாசற்கதவுக்குப் பின்னால்.

என் கணக்கில் இன்னும் நான்கு வாரம் பாக்கி. அதற்குள் சின்னவனுக்குச் சட்டைப் பொத்தானைத் தானே போடக் கற்றுத்தர வேண்டும். நேற்று கீழ்ப் பொத்தான் இரண்டைப் போட்டுவிட்டான்.