பச்சைக்குள் ஒளிந்திருந்த மஞ்சள்

டொராண்டோவில் அக்டோபர் பிறந்தால் என் ஐந்து வயதுப் பேரன் கேட்பது ஒன்றுதான்: "அம்மம்மா, இலைக்கு யார் பெயின்ட் அடித்தது?" வாயால் விளக்கிப் பார்த்தேன்; கொட்டாவி விட்டான். இப்போது செய்து காட்டுகிறேன்.

பழுத்த இலை வேண்டாம். பச்சை மேப்பிள் இலைகள் நான்கைந்தைப் பிள்ளையே பொடிப்பொடியாகக் கிழிக்கட்டும். முழு இலையைப் போட்டு நான் ஒரு மாலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். கண்ணாடிக் குவளையில் இட்டு, மருந்துக்கடை ஆல்கஹாலை மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். அது பெரியவர் வேலை. குவளையைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும். சாறு கரும்பச்சையானதும் காப்பி வடிதாளில் ஒரு கீற்று வெட்டி, நுனி மட்டும் நனையத் தொங்கவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் பச்சை மேலேறியிருக்கும். அதன் தலைமாட்டில் மெல்லிய மஞ்சள் கோடு. "மஞ்சள் உள்ளேயே இருந்ததா!" என்று கத்தினான். அப்போது சொல்லுங்கள்: பச்சையம்தான் வெயிலைப் பிடித்து மரத்துக்குச் சமைக்கிறது. பகல் சுருங்கியதும் சமையல் நிற்கிறது, பச்சை கலைகிறது, மஞ்சள் தெரிகிறது.

சிவப்பு வேறு கதை. அது ஒளிந்திருந்ததல்ல, இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து இலையுதிர்காலத்தில் புதிதாக உண்டாவது. அதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் பேரன் அன்றிரவு அந்தக் காகிதக் கீற்றைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.