பசுமைக்குடில் வெள்ளரியில் செஞ்சிலந்தி: வலை பின்னும் முன்பே கட்டுப்படுத்துவது எப்படி?

வெள்ளரி இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியதுபோல வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சத்துக்குறைவு என்று நினைத்து உரம் வைக்காதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் அளவில், மஞ்சள்பச்சை உடம்பில் இரண்டு கரும்புள்ளிகளோடு செஞ்சிலந்தி எனப்படும் சிலந்திப்பேன்கள் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

1. உறுதிசெய்யுங்கள்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். அது இல்லாவிட்டால் இலையை வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன்தான். வெள்ளிநிறத் திட்டுகளும் கறுப்பு எச்சப் புள்ளிகளும் இருந்தால் அது இலைப்பேன். அதற்கு மருந்து வேறு.

2. தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வெயில் காலத்தில் வாரம் இருமுறை சுற்றிப் பாருங்கள். கதவோரம், பக்கத்திரை ஓரம், சூடேறும் வறண்ட மூலை ஆகிய இடங்களில்தான் முதலில் வரும். பாதித்த செடியில் நாடா கட்டிவிட்டு, அந்த வரிசை வேலையைக் கடைசியில் செய்யுங்கள். பேன் உடையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போகும்.

3. இலையை அகற்றுங்கள்

மிகவும் வெளுத்த இலைகளைக் கிள்ளி, அந்த இடத்திலேயே பையில் போட்டுக் கட்டி வெளியேற்றுங்கள்.

4. தெளியுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தோற்பது இங்கேதான். மருந்து மேல்பக்கம் நனைக்கும். பேனோ அடிப்பக்கம் இருக்கும். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, கீழிருந்து அடியுங்கள்.

லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி. எடுத்து, முதலில் சிறிது சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, பிறகு தண்ணீர் சேருங்கள். நாலைந்து இலைகளில் அடித்து இரண்டு நாள் பார்த்து, கருகவில்லை என்றால் மற்ற செடிகளுக்கும் அடிக்கலாம். மாலையில் மட்டுமே அடிக்க வேண்டும். நனையும் கந்தகம் வேண்டாம். வெயிலில் வெள்ளரி இலையைச் சுட்டுவிடும்.

ஒருமுறை அடித்தால் முட்டைகள் தப்பிவிடும். 30 டிகிரி சூட்டில் முட்டை ஒரு வாரம் சொச்சத்தில் முதிர்ந்த பேனாகிவிடும் என்பதால், 5 நாள் இடைவெளியில் மூன்று முறை அடிப்பது அவசியம்.

அதற்கும் அடங்காவிட்டால் அபாமெக்டின், ஸ்பைரோமெசிஃபென் போன்ற சிலந்திக்கொல்லிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். லேபிளில் வெள்ளரி இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள அளவையே எடுங்கள். வெள்ளரியை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்போம், அதனால் மருந்தடித்த பிறகு பறிக்காமல் விடவேண்டிய காத்திருப்பு நாட்களை அலட்சியம் செய்யவே கூடாது. சைபர்மெத்ரின் வகை மருந்துகளைத் தொடாதீர்கள். அவை சிலந்திப்பேனைத் தின்னும் கறுப்புப் பொறிவண்டையும் இரைவிழுங்கிப் பேனையும் கொன்றுவிடும். செஞ்சிலந்தி முன்னைவிட அதிகமாகப் பெருகும்.

5. ஈரப்பதம்

வறண்ட சூடுதான் இதற்குப் பிடித்தது. நண்பகலில், தண்ணீரைப் பனிமூட்டம்போலத் தெளிக்கும் ஃபாகரைச் சிறிது நேரம் ஓட்டுங்கள். இரவில் இலை ஈரமாக இருந்தால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும்.

6. பயிர் முடிந்ததும்

கொடியை அறுத்துக் குடிலுக்குள் காயவிடாதீர்கள். காயக் காயப் பேன்கள் இறங்கிக் களைகளுக்கும் கம்பி, தூண் இடுக்குகளுக்கும் போய்விடும். பச்சையாகவே அகற்றி எரித்துவிடுங்கள். களையைச் சுத்தமாக எடுத்த பிறகு அடுத்த நாற்றை உள்ளே கொண்டுவாருங்கள். அந்த நாற்றின் அடி இலைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.