ஒரு பையனுக்கு ஒரு வருஷம்: போதை வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்காகப் பணம் திரட்டுவது எப்படி

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 27 வருஷம் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு வேலூர் சத்துவாச்சாரிக்கு மகள் வீட்டோடு வந்துவிட்டேன். இங்கே நாங்கள் ஏழு பேர் சேர்ந்து, கஞ்சா, வலி மாத்திரை என்று வழக்கில் சிக்கிய பையன்களுக்குத் துணையாக நிற்கிற வேலையைச் செய்கிறோம். பணம் திரட்டுவதும் கணக்கு வைப்பதும் என் பொறுப்பு. திருப்பத்தூரிலும் ஆம்பூரிலும் இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்கள் வழி கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

எதற்குப் பணம் என்பதை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் 1989-ல் மயாமியில் போதை வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் தொடங்கினார்கள். சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புவது, அடிக்கடி நீதிபதி முன்னால் வரவைத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பது, இடையிடையே சிறுநீர்ப் பரிசோதனை. அதுதான் முறை. வேலூரில் அந்த மாதிரித் தனி நீதிமன்றம் இல்லை. ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது. 18 வயது நிரம்பாதவன் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். 2015-ஆம் வருஷ இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி குழுமம் அவனை நன்னடத்தையில் விடலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், போதை மீட்புத் திட்டத்தில் சேரச் சொல்லலாம், தொழிற்பயிற்சிக்குப் போகச் சொல்லலாம். வயது தாண்டியவர்களுக்கு 1985-ஆம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தில் 39, 64ஏ என்று இரண்டு பிரிவுகள் சிகிச்சைக்கு வழி விடுகின்றன.

உத்தரவு ஒரு தாளில் வந்துவிடும். அதற்கப்புறம் வருகிற 52 வாரங்களுக்குத்தான் நாம் பணம் தேட வேண்டும்.

ஆகவே யாரிடமும் போய்க் கேட்பதற்கு முன்னால், ஒரு பையனுக்கு ஒரு வருஷம் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் இரண்டு முறை ஆலோசகரைப் பார்க்க வேண்டும். மொத்தம் 30 முறை. ஒரு முறைக்கு 500 வீதம் 15,000 ரூபாய். பஸ் செலவு ஒரு நாளைக்கு 120 வீதம் 3,600. அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லைதான், ஆனால் குடியாத்தத்திலிருந்து வருகிற பஸ்ஸில் உண்டு. அப்புறம் அம்மாவின் கூலி. பீடி சுற்றுகிறவள், தோல் வேலைக்குப் போகிறவள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் பையனைக் கூட்டி வருகிறாள். அதற்கு 400 வீதம் 12,000. இதைப் பட்ஜெட்டில் பார்த்ததும் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். விட்டுக் கொடுக்காதீர்கள். இந்தத் தொகை இல்லாத மாதங்களில்தான் எங்கள் பையன்கள் வராமல் நின்றார்கள். பரிசோதனைக்கு 3,000. மெக்கானிக் கடையிலோ ஏசி ரிப்பேருக்கோ சேரும்போது வாங்க வேண்டிய கருவிகளுக்கு 4,400. ஆக ஒரு பையனுக்கு 38,000 ரூபாய்.

12 பையன் என்றால் 4,56,000. வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஒருவருக்கு மாதம் 14,000 சம்பளம், வருஷத்துக்கு 1,68,000. ஆடிட்டர், போன், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 26,000. மொத்தம் ஆறரை லட்சம். இதில் மருத்துவச் செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு இலவசமாகக் கொடுப்பதை நம் பட்ஜெட்டில் எழுதினால், விவரம் தெரிந்த நன்கொடையாளர் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

இந்தக் கணக்கு தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் மூன்று லட்சம் கையில் வந்ததும் பத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டோம். ஏழாம் மாதம் பணம் தீர்ந்தது. ஆலோசகரிடம் கடன் சொல்லிப் பார்த்தோம், ஒரு மாதம் ஓடியது. அப்புறம் நிறுத்தினோம். கொணவட்டத்துப் பையன் ஒருவன் அடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போல வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான் என்று பக்கத்துத் தையல்கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து எங்கள் விதி இதுதான்: ஒரு பையனுக்கான 38,000 முழுதாக வங்கியில் இருந்தால்தான் அந்தப் பையனைச் சேர்ப்போம். ஆறு பேருக்குத்தான் பணம் என்றால் ஆறே பேர்.

சரி, பணம் எங்கே கிடைக்கும்? ஊருக்குள் தொடங்குங்கள். மண்டித் தெருவில், லாங் பஜாரில் கடை வைத்திருப்பவர்களிடம் ஆறரை லட்சம் என்று பேச்செடுக்காதீர்கள். "அண்ணாச்சி, ஒரு பையனுக்கு ஒரு மாதம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்" என்று சொல்லுங்கள். அறக்கட்டளைப் பதிவும், வருமான வரியில் அறக்கட்டளைக்கும் கொடுப்பவருக்கும் சலுகை தருகிற பதிவுகளும் (1961-ஆம் வருஷச் சட்டத்தில் 12ஏ, 80ஜி) முதலிலேயே இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதைக் கொடுப்பவரிடம் நீங்களே சொல்லி, காசோலையாகவோ யூபிஐயிலோ வாங்குங்கள். பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து ஆட்கள் வளைகுடாவிலிருந்து அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், அந்நிய நன்கொடைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் தொடக்கூடாது. பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

அடுத்தது கம்பெனிகள். கம்பெனிச் சட்டம் 135-ஆவது பிரிவின்படி, வருஷ லாபம் 5 கோடியோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கிற வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. ராணிப்பேட்டை சிப்காட் நமக்குப் பக்கம்தானே. ஆனால் நமக்கு மூன்று வருஷ அனுபவமும், இந்தச் சமூகப் பணிப் பணத்தை (சிஎஸ்ஆர்) வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவத்தில் வாங்கிய பதிவு எண்ணும் வேண்டும். ஜனவரியிலேயே போய்ப் பாருங்கள். மார்ச்சில் போனால் எல்லாம் ஒதுக்கி முடித்திருப்பார்கள். விண்ணப்பத்தில் தடுப்பு சுகாதாரம், தொழில் திறன் பயிற்சி என்ற தலைப்புகளின் கீழ் எழுதுங்கள். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அவைதான் இருக்கின்றன.

எம்.பி. தொகுதி நிதியைத் தேடி நாங்கள் நான்கு மாதம் அலைந்தோம். அது நிலையான சொத்துகளுக்கான பணம். ஆலோசகர் சம்பளத்துக்கும் பஸ் காசுக்கும் கிடைக்காது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதை ஒழிப்புத் திட்டப் பணம் பெரும்பாலும் மறுவாழ்வு மையம் நடத்துகிறவர்களுக்கானது. சின்னக் குழுவுக்கு அது முதல் கதவு இல்லை.

போட்டோ விஷயத்தில் மட்டும் கல்லாக இருங்கள். ஒருவர் 50,000 ரூபாய்க்குக் காசோலை எழுதிவிட்டு, பையனுக்கு ஸ்பேனர் செட் கொடுக்கிற மாதிரி ஒரு படம், முகம் தெரிய வேண்டும் என்றார். வழக்கில் சிக்கிய குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்று அதே 2015 சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். "ஐயா, நாளைக்கு இவன் வேலை கேட்டுப் போகும் கடையில் இந்தப் படம் இருக்கும்" என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்றேகால் பையனின் வருஷம் கையை விட்டுப் போனது வலித்தது. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

படத்துக்குப் பதிலாக நான் கொண்டு போவது ஒரு நீளக் கணக்கு நோட்டு. பெயர் இருக்காது, எண் மட்டும். எண் 4: 30-க்கு 26 முறை வந்தான். எண் 7: ஐந்தாம் மாதம் மறுபடி இழுத்தான், மூன்று வாரம் வரவில்லை, பிறகு வந்தான். பக்கத்தில் பஸ் டிக்கெட்டுகளைப் பின் அடித்திருப்பேன். சறுக்கியதை மறைக்காதீர்கள். பையன்கள் இடையில் ஒருமுறையாவது சறுக்குவார்கள் என்று பணம் வாங்குகிற அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு வேறு யார் மூலமாவது தெரிந்தால், கொடுத்தவர் ஏமாந்ததாக நினைப்பார்.

யாரிடம் வாங்கக்கூடாது என்பதும் இருக்கிறது. பையனின் வீட்டில் வாங்கக்கூடாது. அவன் வக்கீலிடம் வாங்கக்கூடாது. போதை வழக்கு நடந்துகொண்டிருக்கிற யாரிடமும் வாங்கக்கூடாது. கடன்பட்டாவது ஒரு அம்மா கொடுக்க வருவாள், அந்தக் கையை மென்மையாகத் திருப்பி விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பேசி, நன்னடத்தை அலுவலரையும் பார்த்து, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். குழுமம் எங்களிடம் பையன்களை அனுப்புகிறது என்பதற்கான கடிதம்தான் என் ஃபைலில் முதல் தாள். அடுத்து ஆடிட்டர் அறிக்கை, அதற்கடுத்து அந்த 38,000 ரூபாய்க் கணக்கு. பொங்கல் கழிந்த வாரம் இதை எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டைக்குக் கிளம்புகிறேன். இந்த முறை ஒன்பது பையன்கள் காத்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கான பணம் வங்கியில் இருக்கிறது.