கூழும் சாப்பாடுதான்: எண்டோஸ்கோபிக்கு முன்னும் பின்னும் நாம் செய்யும் தவறுகள்

தருமபுரியில் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனை நடக்கும் அறை ஒன்றில் வேலை செய்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களிடம் “ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால், “இல்லைங்க, வெறும் வயிறு” என்பார்கள். குழாய் இரைப்பைக்குள் இறங்கியதும் திரையில் பழுப்பாய் ஒரு குளம் தெரியும். கேழ்வரகுக் கூழ். அப்புறம் விசாரித்தால், “ஒரு சொம்பு கூழ் குடிச்சேன், சாப்பாடு எங்கங்க சாப்பிட்டேன்?” என்று பதில் வரும். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் களியைத்தான் சாப்பிடுவோம், கூழைக் குடிப்போம். அதனால் இப்போது கூழ், பால், டீ, மோர் என்று பேர் சொல்லியே கேட்கிறேன். பரிசோதனைக்கு முன் ஆறு முதல் எட்டு மணி நேரம் இவை எதுவும் கூடாது. வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்புவரை பொதுவாக அனுமதிப்பார்கள்.

உண்மையைச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், இரவு முழுக்கப் பட்டினி கிடந்தவரின் இரைப்பையில் நேற்றைய சோறு கிடந்தால் அதுவே ஒரு நோயின் அடையாளம். இரைப்பையைத் தாண்டியதும் வருவது டியோடினம், சிறுகுடலின் முதல் பகுதி. நீளம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அதன் வாசலில் பழைய புண் ஆறித் தழும்பாகிச் சுருங்கிவிட்டால் உணவு இறங்காது. நீங்கள் கூழ் குடித்ததை மறைத்தால், இல்லாத அடைப்பைத் தேட வேண்டிவரும்.

டியோடினத்தில் அதிகம் பார்ப்பது அல்சர்தான். வாசலை ஒட்டிய முதல் பகுதியில், சுற்றிலும் சிவந்து வீங்கி, நடுவே வெள்ளை படிந்த குழியாகத் தெரியும். பின்சுவரில் இருந்தால் கவலை கூடும், அதன் பின்னால் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. புண் அதை அரித்துவிட்டால் ரத்தம் கொட்டும். முன்சுவர்ப் புண்ணோ குடலையே ஓட்டையாக்கிவிடலாம்.

இந்தப் புண்ணுக்குக் காரணம் காரமும் புளியும் என்றே பலர் நம்பி வருஷக்கணக்கில் மோர்ச்சோறு சாப்பிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது வலி மாத்திரை. கிருமியைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வலி மாத்திரையைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. அதற்கு முன் பல வருஷம் போர்த் தண்ணீர் குடித்து மூட்டும் முதுகும் இறுகிப்போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மெடிக்கலில் ‘உடம்பு வலிக்கு’ என்று கேட்டு வாங்குவதே அவர்களுக்கு வைத்தியம். ஒரு பெரியவரிடம் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணும் இல்லை சாமி” என்றார். கூட வந்த மகள் அவர் இடுப்பு மடிப்பை அவிழ்த்தார். காகிதப் பொட்டலத்தில் பேர் தெரியாத மூன்று நிற மாத்திரைகள். அவற்றை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. பொட்டலத்தை அப்படியே கொண்டு வாருங்கள், யாரும் திட்ட மாட்டோம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேஸ் மாத்திரையில் வேறு சிக்கல். அதைத் தொடர்ந்து போட்டால் கிருமி அடங்கிப்போய், திசு எடுத்துப் பார்க்கும் டெஸ்டில் இல்லை என்று வந்துவிடலாம். டாக்டர் சம்மதித்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. ஆன்டிபயாடிக் என்றால் நான்கு வாரம். சீலியாக், அதாவது கோதுமையால் சிறுகுடல் கெடும் நோய் என்ற சந்தேகத்தில் வருகிறவர்கள் முன்கூட்டியே சப்பாத்தியை விட்டுவிட்டாலும் இதே கதைதான், குடல் தேறி நோய் ஒளிந்துகொள்ளும்.

சில சமயம் அல்சரே இருக்காது. வெறுங்காலோடு கழனியில் இறங்குகிறவர், சோகை பிடித்து வெளுத்துப்போனவர். டியோடினத்தின் சுவரைக் கவ்விக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் நூல்போல் கொக்கிப்புழு நெளியும். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் தின்று பலன் இல்லை, குடற்புழு மாத்திரையும் வேண்டும்.

கிருமி இருப்பது உறுதியானால் வழக்கமாகப் 14 நாள் மாத்திரை தருவார்கள். வாய் கசக்கும், வயிறு புரட்டும். ஐந்தாம் நாள் வலி போனதும் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். மிஞ்சிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மாத்திரை கேட்காமல் போகலாம். கோர்ஸ் முடிந்து நான்கு வாரம் கழித்து, மூச்சு அல்லது மலம் கொண்டு ஒரு டெஸ்ட் செய்தால்தான் கிருமி போய்விட்டதா என்று தெரியும். அதற்குத் திரும்பி வருகிறவர்கள் குறைவு, எனக்கு அதுதான் வருத்தம்.

மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் புண்ணிலிருந்து ரத்தம் கசிவதாக இருக்கலாம், ‘சூடு’ என்று இளநீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்தான். ஆனால் தலைசுற்றலும் சேர்ந்திருந்தால், இரவானாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே வந்துவிடுங்கள்.