627809: செங்கோட்டை பின்கோடைக் காரணிகளாகப் பிரிக்கலாம், வாங்க

ஆறு இலக்க எண்ணைக் கொடுத்துக் காரணிகளைக் கேட்டால் உடனே போனை எடுக்க வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும். பழகிப் பார்க்க நம்ம ஊர் பின்கோடையே எடுத்துக்கொள்வோம்: செங்கோட்டை, 627809. மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், 691305. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் முதல் இலக்கம் ஒன்றேதான். இரண்டாவதில்தான் மாநிலம் பிரிகிறது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை இந்தப் பக்கம் சேராமல் போயிருந்தால், 1972இல் பின்கோடு வந்தபோது நமக்கும் 69 கிடைத்திருக்கலாம். சரி, கணக்குக்கு வருவோம்.

படி 1: சுலபமானவை

கடைசி இலக்கம் 9. எனவே 2, 5 இரண்டாலும் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 32, அதனால் 3ஆலும் வகுபடாது.

படி 2: ஒரே கழித்தலில் 7, 11, 13

7க்குப் பள்ளியில் சொல்லித்தந்த விதி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அது இல்லாமலே சமாளிக்கலாம். எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 627 | 809. இப்போது கழியுங்கள்.

809 − 627 = 182

182 என்பது 7 × 26; 13 × 14உம் அதுவே. 11ஆல் வகுபடவில்லை. ஆகவே 627809உம் 7ஆலும் 13ஆலும் வகுபடும், 11ஆல் வகுபடாது.

எப்படி? 7 × 11 × 13 = 1001. நம் எண் 627 × 1000 + 809. அந்த 1000ஐ 1001 − 1 என்று எழுதினால்:

627 × 1001 + (809 − 627)

முதல் பகுதி 7, 11, 13 ஆகிய மூன்றாலும் தானாகவே வகுபட்டுவிடும். மிச்சமிருக்கும் 182தான் முடிவு சொல்ல வேண்டும். விடை மைனஸில் வந்தாலும் பரவாயில்லை, குறியை விட்டுவிடுங்கள்.

627809 ÷ 7 = 89687. அதை 13ஆல் வகுத்தால் 6899.

படி 3: 6899 பகா எண்ணா?

பொறுமை வேண்டிய இடம் இதுதான். 83 × 83 = 6889; அடுத்த பகா எண்ணான 89இன் வர்க்கம் 7921, தாண்டிவிடுகிறது. 6899 இரண்டாக உடையுமானால் சின்னக் காரணி 83க்கு மேல் போகாது. அதுவரை 23 பகா எண்கள் உண்டு. அத்தனையையும் வகுத்துப் பார்க்க வேண்டாம். 6900க்கு ஒன்று குறைவு இந்த எண். 6900ஐ வகுக்கும் 2, 3, 5, 23 எதுவும் இதை வகுக்க முடியாது. அப்புறம் பழைய கழித்தல்: 899 − 6 = 893. இதை 7, 11, 13 எதுவும் வகுக்கவில்லை. (7ஐயும் 13ஐயும் மறுபடி பார்ப்பது வீண் வேலையல்ல, ஒரே காரணி இரண்டு முறை வரலாம்.) மீதி 16 பகா எண்களைக் கையால்தான் வகுக்க வேண்டும். கடைசியாக 83, மீதி 10. எதுவும் வகுக்கவில்லை, எனவே 6899 பகா எண்.

627809 = 7 × 13 × 6899

படி 4: மொத்தக் காரணிகள்

மூன்று பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்: 2 × 2 × 2 = 8. அவை 1, 7, 13, 91, 6899, 48293, 89687, 627809. கூட்டுத்தொகை (1 + 7) × (1 + 13) × (1 + 6899), அதாவது 8 × 14 × 6900 = 772800.

புனலூரின் 691305ஐ நீங்கள் செய்து பாருங்கள். 3, 5 இரண்டும் உடனே கிடைத்துவிடும். 1001 வித்தை அங்கே எதையும் தராது. 15ஆல் வகுத்து வரும் 46087ஐ 17ஆல் தொடங்குங்கள்.